வலது கைக்காரன் இடது பக்கம் நின்ற கதை

நியாயப்படி பார்த்தால், பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் சுண்ணாம்புக்குளத்துப் பையன்களுக்குக் கிரிக்கெட் என்று ஓர் ஆட்டம் இருப்பதே தெரிந்திருக்கக் கூடாது. பழவேற்காடு ஏரியை முதலில் வளைத்துப் போட்ட வெள்ளைக்காரர்களில் ஒருவருக்கும் கிரிக்கெட் தெரியாது. போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், தெரியாது. அவர்களை ஒதுக்கிவிட்டு 1610இல் டச்சுக்காரர்கள் கடை விரித்தார்கள், அவர்களுக்கும் தெரியாது. 1613இல் ஒரு கோட்டை கட்டி, சொந்த ஊர் கெல்டர்லாந்தின் ஞாபகமாக ‘கெல்டிரியா’ என்று பெயர் வைத்தார்கள். நெசவாளர்களிடம் துணி வாங்கி, அதைக் கிழக்கிந்தியத் தீவுகளில் கொடுத்து வாசனைச் சரக்கு வாங்கி, அதை ஐரோப்பாவில் விற்றுக் கல்லாவை நிரப்பினார்கள். நடுவில் வெடிமருந்து ஆலை வேறு. இவ்வளவு வேலை இருப்பவன் எங்கே விளையாடுவான்?

கிரிக்கெட்டை மூட்டையில் வைத்திருந்த ஆங்கிலேயனும் பழவேற்காட்டுக்கு வரத்தான் செய்தான். 1620களின் தொடக்கத்தில் டச்சுக்காரனோடு ஒரே வளவில் குடித்தனம் வைத்தான். வாடகை வீட்டில் இரண்டு குடும்பம் இருந்தால் கரண்டு பில்லில் என்ன தகராறு வருமோ, அதே தகராறு கோட்டைக் காவல் செலவில் வந்தது. ‘பாதியை நீ கொடு’ என்றான் டச்சுக்காரன். ஆங்கிலேயன் சில ஆண்டுகளிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். 1626இல் ஏரிக்கு வடக்கே ஆர்மகானில் போய் உட்கார்ந்தான். அதுவும் சரிப்படவில்லை. 1639இல் பிரான்சிஸ் டே என்பவர் தெற்கே மணல்வெளியில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். அதற்குப் பேர்தான் மதராசபட்டினம்.

அந்தச் செலவுக் கணக்கு மட்டும் சுமுகமாக முடிந்திருந்தால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை பழவேற்காட்டில் இருந்திருக்கும். சேப்பாக்கம் மைதானம் சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் வந்திருக்கும். சென்னைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்க மெரினா குப்பத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். எல்லாம் போச்சு.

டச்சுக்காரர்கள் 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றி, 1825இல் பழவேற்காட்டையே ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைத் தோட்டத்தை மட்டும் நமக்கு விட்டுவைத்தார்கள். கிரிக்கெட்டை அவர்கள் சாவகாசமாகக் கற்றுக்கொண்டு, 2009 ஜூன் 5 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் இருபது ஓவர் உலகக்கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே இங்கிலாந்தைத் தோற்கடித்தார்கள். குடித்தனச் சண்டைக்குப் பதில் சொல்ல முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

மட்டைக்கு முன்பே கைச்சண்டை

மதராசுக்குக் கிரிக்கெட் வருவதற்கு வெகுகாலம் முன்பே கைப் பிரச்சினை வந்துவிட்டது. சோழர் காலத்திலிருந்தே ஊர்ச் சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தன. யார் எந்தத் தெருவில் கல்யாண ஊர்வலம் போகலாம், யார் எந்தக் கொடியைப் பிடிக்கலாம் என்பதில் எல்லாம் வெட்டுக்குத்து. புதிதாகப் பிறந்த மதராசில் 1652லேயே ஒரு கலவரம் நடந்தது. பிறகு 1707இல் பெரிய கலவரம்.

அப்போது கவர்னர் தாமஸ் பிட். 410 காரட் வைரம் ஒன்றை வாங்கிவிட்டு, அதை எந்த ராஜா தலையில் கட்டலாம் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த மனிதர். அவரிடம் போய் வலங்கை எது, இடங்கை எது என்று பஞ்சாயத்து வைத்தால் என்ன ஆகும்? வலங்கைக் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். வேலை நின்றது, வியாபாரம் படுத்தது, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வியர்த்தது. கடைசியில் இந்தத் தெருக்கள் உங்களுக்கு, அந்தத் தெருக்கள் அவர்களுக்கு என்று கோடு கிழித்துத்தான் ஒரு வழிக்குக் கொண்டுவந்தார்கள். மதராஸ் கண்ட முதல் ஃபீல்டு செட்டிங் அதுதான்: ஆஃப் சைடு உனக்கு, லெக் சைடு எனக்கு.

இதில் வேடிக்கை, இடங்கைக் கட்சியில் இருந்தவர்களும் சாப்பிட்டது சோத்தாங்கையால்தான். கட்சியின் பெயருக்கும் கைக்கும் சம்பந்தமே கிடையாது. கிரிக்கெட்டிலும் இதே கூத்துதான் நடந்தது.

சர்தார்ஜியின் சேப்பாக்கம்

1846இல் மதராஸ் கிரிக்கெட் கிளப் ஆரம்பமானது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். நம்மவர்கள் ஆட வந்தால், வெள்ளையர் பெவிலியனில் சாப்பிட, இவர்கள் மரத்தடியில் சாப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. இது பொறுக்காத புச்சிபாபு நாயுடு 1888இல் மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். மரத்தடி சாப்பாட்டில் பிறந்த ரோஷம்தான் தமிழ்நாட்டுக் கிரிக்கெட். இன்றும் அவர் பெயரில் போட்டி நடக்கிறது.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில், மதராசுக்கும் மைசூருக்கும். முதல் பந்தைப் போட்டவர் எம்.ஜே. கோபாலன். ஆனால் ஆட்டத்தை முடித்தவர் ஏ.ஜி. ராம்சிங் என்ற சர்தார்ஜி, மதராசுக்காரராகவே ஆகிப்போனவர். இடது கையால் சுழற்றி 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். காலையில் தொடங்கிய ஆட்டம் சாயங்காலமே முடிந்துவிட்டது. மறுநாள் வர டிக்கெட் வாங்கியவர்கள் யார் கையைச் சபித்தார்களோ தெரியாது, சபிக்க வேண்டிய கை இடது கைதான். ராம்சிங் மட்டை பிடித்ததும் இடதுதான். ஊரில் பையன் பீச்சாங்கையால் பலப்பம் பிடித்தால் வாத்தியார் விரல்முட்டியில் ஸ்கேலால் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதே ஊர் சேப்பாக்கத்தில் பீச்சாங்கைக்குக் கைதட்டியது.

ராம்சிங்கின் மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினார்கள். மில்காவும் இடதுகை மட்டையாளர். கிருபாலின் மகன் அர்ஜன் கிருபால் சிங் 1989 ஜனவரியில் பனாஜியில் ஒரு காரியம் செய்தார். பாவம், எதிரே கோவா அணி. தமிழ்நாடு 6 விக்கெட்டுக்கு 912 ரன் எடுத்து, இரக்கப்பட்டு டிக்ளேர் செய்தது. அர்ஜன் 302, அவுட் ஆகவில்லை. இன்னொரு முனையில் 313 அடித்தவர் டபிள்யூ.வி. ராமன், அசல் இடதுகை ஆட்டக்காரர். அந்த ஒரு ரஞ்சி சீசனில் ராமன் எடுத்தது 1018 ரன். ரூஸி மோடி நாற்பதுகளில் வைத்திருந்த 1008 ரன் சாதனை உடைந்தது. 1992இல் தென்னாப்பிரிக்காவில் ஒருநாள் ஆட்டத்தில் சதம் அடித்த முதல் இந்தியரும் அவரே.

அமெரிக்கக்காரன் கணக்குப் பார்த்தான்

இடது பக்கம் நின்று அடிப்பவனுக்கு அப்படி என்ன யோகம்? இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் பேஸ்பால் ஆடும் அமெரிக்கர்கள். அவர்கள் பழத்தோலைக்கூடக் கணக்கெழுதித்தான் உரிப்பார்கள்.

பேஸ்பாலில் அடித்தவுடன் 90 அடி தள்ளி வலப்பக்கம் இருக்கும் முதல் தளத்துக்கு ஓட வேண்டும். இடது ஆட்டக்காரன் நிற்பதே அந்தப் பக்கம்தான். அதனால் அவனுக்கு ஒன்றிரண்டு எட்டு மிச்சம். மட்டையைச் சுழற்றிய வேகமும் அவனை அதே திசையில் தள்ளிவிடும். பந்தெறிபவர்களில் பெரும்பாலோர் வலது கைக்காரர்கள்; அவர்கள் எறியும் பந்து இவனுடைய கண்ணுக்கு நேராக, உள்ளே வருவதுபோல் வரும். வலது ஆட்டக்காரனுக்கு அதே பந்து முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் இருக்கும். பேப் ரூத் என்ற இடதுகை பீமன் நியூயார்க்கில் ஆடினார். 1923இல் திறந்த யாங்கீ ஸ்டேடியத்தில் அவர் அடிக்கும் வலப்பக்க எல்லை கிட்டத்திலேயே அமைந்திருந்தது. அந்த மைதானத்தை ரூத் கட்டிய வீடு என்றே ஊர் சொன்னது.

ஆனால் கணக்கில் ஒரு முடிச்சு விழுந்தது. டை காப், டெட் வில்லியம்ஸ் போன்ற மகாரதிகள் அடித்தது இடது, எறிந்தது வலது. இன்றைய ஜப்பான் சூரர் ஷோஹெய் ஒடானியும் அப்படித்தான். இவர்கள் பிறவி இடதுகைக்காரர்களே இல்லை. வலது கைக்காரர்கள் போய் இடது பக்கம் நின்றுகொண்டார்கள். எறியும் கை வலதாக இருப்பதால் கேட்சர், ஷார்ட்ஸ்டாப் போன்ற இடங்களும் இவர்களுக்குக் கிடைக்கும். பிறவி இடதுக்கு அங்கே இடமே தரமாட்டார்கள். ரெண்டு பக்கமும் ஆதாயம். வீட்டுக்கு மருமகனாகவும் கடைக்குக் கணக்குப்பிள்ளையாகவும் ஒரே ஆள்.

போலி இடதுகள்

முடிச்சைப் பிடித்துக்கொண்டு நம் ஊரைப் பார்த்தால் தலை சுற்றும். சடகோபன் ரமேஷ்: 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட், வாசிம், வக்கார் இரண்டு பேரையும் சமாளித்து முதல் இன்னிங்சில் 43. மட்டை இடது. அதே ஆண்டு ஒருநாள் ஆட்டத்தில் தன் முதல் பந்திலேயே விக்கெட் எடுத்தார், அப்படி எடுத்த முதல் இந்தியர் அவர்தான். போட்டது வலது கை ஆஃப் ஸ்பின்! அபினவ் முகுந்த்: மட்டை இடது, பந்து வலது. சாய் சுதர்சன்: 2025 ஐ.பி.எல்லில் 759 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கிய இடது மட்டை; பந்து போடச் சொன்னால் வலது கையை நீட்டுவார். வாஷிங்டன் சுந்தர்: 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். வலது கையால் மூன்று விக்கெட் எடுத்துவிட்டு, மறுபடி இடது பக்கம் நின்று 62 ரன் அடித்தார். ஆஸ்திரேலியர்கள் ஆளை மாற்றிவிட்டார்களோ என்று நினைத்திருந்தாலும் குற்றமில்லை.

வெளியூரிலும் இதே கதை. சவுரவ் கங்குலி பிறவியில் வலது கைக்காரர். அண்ணன் ஸ்னேஹாசிஷ் இடதுகை ஆட்டக்காரர். அண்ணனுடைய மட்டை, பேட், கையுறை எல்லாம் வீட்டில் சும்மா கிடந்தன. தம்பி அதை மாட்டிக்கொண்டு இடது பக்கம் திரும்பி நின்றார். கொல்கத்தா இளவரசர் என்று உலகம் கொண்டாடியவரின் அந்த ஆஃப் சைடு கவர் டிரைவ், அண்ணன் பழைய சாமான் மேல் தம்பிக்கு இருந்த பாத்தியதையில் வந்தது. இங்கிலாந்தின் டேவிட் கோவர் மட்டை தவிர எல்லாவற்றுக்கும் வலது. மைக் ஹஸ்ஸி ஆலன் பார்டரைப் பார்த்து இடதுக்கு மாறினார். சங்கக்காராவும் வலது கைக்காரர்தான். எதிர்ப்பக்கமாக ஒருவர்: சச்சின் டெண்டுல்கர். கையெழுத்துப் போடுவது இடது, நூறு சதம் அடித்தது வலது.

2004இல் ஓர் ஆராய்ச்சி 2003 உலகக்கோப்பையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தது. அதிக வெற்றி கண்ட அணிகளில் கிட்டத்தட்டப் பாதி மட்டையாளர்கள் இடது. ஊரில் பத்துப் பேரில் ஒருவர்தான் இடதுகைக்காரர் என்பதை வைத்துப் பார்த்தால் இது அநியாய எண்ணிக்கை. காரணம் தெய்வ சக்தி எல்லாம் இல்லை. பந்துவீச்சாளர்களுக்கு இடதுக்குப் போட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான். இடதுக்குப் போட்டுப் பழகாதவன்தான் அதிகம் அடிவாங்கினான்.

2016இல் இன்னொரு ஆராய்ச்சி நேராகவே கேட்டது: மட்டை பிடிக்கும் விதத்தை நாம் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கிறோமா? தேர்ந்த ஆட்டக்காரர்கள் 43 பேரையும், கிரிக்கெட் அனுபவம் இல்லாதவர்கள் 93 பேரையும் ஒப்பிட்டார்கள். எழுத, எறியப் பயன்படுத்தும் பலமான கையைக் கைப்பிடியின் மேலே வைத்து எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும் வழக்கம், தேர்ந்தவர்களிடம் ஏழு மடங்கு அதிகம். மட்டைக்குத் திசை சொல்வது மேல்கை என்பார்கள் பயிற்சியாளர்கள். வலது கைக்காரன் இடது ஆட்டக்காரனாக நின்றால் பலமான கை மேலே போய்விடுகிறது. அடுத்த ஆண்டு இதே குழு பேஸ்பாலையும் அலசி, இடது அடித்து வலது எறிபவனுக்கே யோகம் அதிகம் என்று எழுதியது. குழுத் தலைவர் டேவிட் மேன் வேலை பார்ப்பது ஆம்ஸ்டர்டாமில், வ்ரையே பல்கலைக்கழகத்தில். பழவேற்காட்டில் நமக்குச் சொல்லித்தராத விளையாட்டைப் பற்றி, நானூறு ஆண்டு கழித்து டச்சு ஊரிலிருந்தே விளக்கம் வந்து சேர்ந்தது.

ஏரி ஏற்கெனவே சொன்னது

ஆராய்ச்சியாளர்கள் விமானம் ஏறி சுண்ணாம்புக்குளம் பக்கம் வந்திருந்தால் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். கரையோரம் வீச்சு வலை எறிபவரைக் கொஞ்சநேரம் பார்த்தால் போதும். கயிற்று நுனியைச் சுருக்குப் போட்டு இடது மணிக்கட்டில் மாட்டுவார். வலையை மடித்து மடித்து அதே கையில் சேர்ப்பார். அடிவிளிம்பில் ஈயக்குண்டுகள் தொங்கும் ஒரு பகுதியை இடது முழங்கையில் போடுவார். மீதியை வலது கையில் அள்ளுவார். சில பேர் விளிம்பின் ஒரு முனையைப் பல்லிலும் கடித்துக்கொள்வார்கள். இடுப்பை ஒரு பக்கம் முறுக்கி, எதிர்ப்பக்கம் விட்டால், வலை வட்டமாக விரிந்து சளக்கென்று தண்ணீரில் உட்காரும். இதில் எறிந்தது எந்தக் கை? வலது விட்டது, இடது பிடித்தது, இடுப்பு வீசியது. மட்டையும் அப்படித்தான்: ஒரு கை வழிகாட்டும், ஒரு கை தள்ளும், நடுவுடம்பு வேலை செய்யும்.

ஏரியில் இறங்கி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைக் கேட்டால் இந்தக் கேள்வியையே விரட்டிவிடுவார்கள். ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலை எடுத்துப் பறியில் போடுவார்கள். அவர்கள் பிழைப்பில் சோத்தாங்கை, பீச்சாங்கை இரண்டும் சம்பளம் வாங்கும் கைகள். ஒன்றுக்கு மட்டும் மரியாதை தருவதெல்லாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களின் சௌகரியம்.

வலை விரிக்கும் இடத்தைக்கூட ஏரிக்காரர்கள் ‘பாடு’ என்று முறை வைத்து, சீட்டுக் குலுக்கி மாற்றிக்கொள்வார்கள். இந்த முறை ஒருவருக்கு நல்ல இடம், அடுத்த முறை இன்னொருவருக்கு. வலது இடது என்று அடித்துக்கொண்ட மதராசுத் தெருக்களுக்கு இந்த யோசனை ஏனோ வரவில்லை.

கோடையில் நீர் வற்றிக் காய்ந்த தரையில் பையன்கள் ஸ்டம்பு நட்டால் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வெளி. தண்ணீரில் அடித்தால் அவுட். பந்தை எடுக்கப் போக வேண்டியவனும் அடித்தவன்தான். வலது பையனின் லெக் சைடில் ஏரி கிடந்தால், அவன் நல்லா இழுத்து அடிக்கும் ஷாட்டெல்லாம் தண்ணீருக்குப் போகும். ரெண்டு முறை முழங்கால் சேற்றில் நடந்தால் மூன்றாம் முறை அவனே திரும்பி இடது பக்கம் நிற்பான். யாங்கீ ஸ்டேடியம் வேலி போட்டு ரூத்துக்குச் செய்த உபகாரத்தை, பழவேற்காடு ஏரி ஒரு பைசா செலவில்லாமல் செய்கிறது. ஊர்க்காரர்கள் ‘அட, லெஃப்டியா!’ என்று வியப்பார்கள். லெஃப்டியும் இல்லை, கிஃப்டியும் இல்லை. பையனுக்கு நனைய இஷ்டமில்லை.

தீர்ப்பு

ஆக, இடதுகை மட்டையாளர் என்று நாம் கைதட்டும் ஆட்களில் பலர் சோத்தாங்கைக்காரர்கள். அந்தக் காலத்து இடங்கைக் கட்சி எந்த அளவுக்கு இடதோ, இவர்களும் அந்த அளவுக்குத்தான் இடது. பந்துக்கு ஜாதகமும் தெரியாது, கையும் தெரியாது. எந்தப் பக்கம் நின்றால் கண்ணும் இடுப்பும் மேல்கையும் ஒத்துழைக்கிறதோ, அந்தப் பக்கம்தான் ஓட்டம். காந்தியே 1909இல் கப்பலில் ‘இந்திய சுயராஜ்யம்’ எழுதும்போது வலது கை ஓய்ந்ததும் இடது கைக்கு மாற்றிக்கொண்டு எழுதினார். புத்தகம் ஒரு கைக்குத்தான் சொந்தம் என்று யாரும் வழக்குப் போடவில்லை.

அதனால் பெற்றோர்களே, பயிற்சியாளர்களே, பையனோ பெண்ணோ முதல்முறை மட்டையைத் தூக்கும்போது தோளைப் பிடித்துத் திருப்பாதீர்கள். எழுதுவது வலதாக இருந்தும் இடது பக்கம் நின்றால் விடுங்கள். அது தப்பில்லை, யோகமாகவும் இருக்கலாம். எழுதுவதே இடதாக இருந்தால் ஸ்கேலை எடுத்து மேசைக்குள் வையுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: பந்தியில் சாம்பாரை எந்தக் கையால் பிசைவது என்பதைப் பாட்டி தீர்மானிப்பார். அதில் ஐ.சி.சி.கூடத் தலையிட முடியாது.